திருகுக்கும் திரைக்கும் நடுவே

என் அறையில் கட்டில் கிடையாது. ஆசிலோஸ்கோப் மூன்று இருந்தன. கட்டில் போட்டால் அதில் ஒன்றை வெளியே வைக்க வேண்டும். அதற்கு நான் தரையில் படுத்துவிட்டுப் போகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. வருகிறவர் போகிறவர் என்றால் சிலிண்டர் போடுபவர், மின்கணக்கு எடுப்பவர், மாடிப்படி கூட்டுகிற அக்கா. வேறு யாரும் வருவதில்லை.

ஆசிலோஸ்கோப் என்பது மின்சாரத்தின் ஆட்டத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. மருத்துவமனையில் இதயத் துடிப்பு ஓடுகிற திரையைப் பார்த்திருப்பீர்கள், அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருபவை கைப்பைக்குள் அடங்கிவிடும். என்னிடம் இருப்பவை நான் பிறப்பதற்கு முன்னால் செய்தவை, உள்ளே கண்ணாடி வால்வு எரிபவை, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்பவை. அவற்றோடு வோல்ட்மீட்டர்கள், சிக்னல் ஜெனரேட்டர், இன்னும் என்னென்னவோ. எல்லாம் பழைய இரும்புக் கடையிலும் மூடிய ஆலைகளின் ஏலத்திலும் பொறுக்கியவை. திறந்து, தூசி தட்டி, செத்த பாகத்தை மாற்றி, மறுபடியும் உண்மை பேச வைப்பேன். பிறகு அதை வைத்து அடுத்ததைச் சோதிப்பேன். கடைசியில் இதையெல்லாம் வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். பந்து விளையாட்டைப் பார்த்துக் கத்துகிறவனிடம் போய் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"அந்த இரும்புக்கு நடுவுல எப்படிடி தூங்கற?" என்பாள் அம்மா, போனில்.

"கண்ணை மூடித்தான்."

"வாயைப் பாரு. நாளைக்கு உன்னைப் பாக்க நாலு பேர் வந்தா எங்க உக்காருவாங்க? அந்த டிவி மேலயா?"

"அது டிவி இல்லம்மா."

"படம் வராத டிவி. போதுமா?"

அம்மா ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அப்பா சிமெண்ட் மூட்டை இறக்குகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். லிஃப்ட் செய்யும் கம்பெனியில் அதன் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை. அம்மாவுக்குத் தெரிந்தது 'லிஃப்ட் கம்பெனி' வரைக்கும்தான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆட்களை மேலே கீழே கொண்டுபோய் விடுகிறேன் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்.

இந்தப் பழைய பெட்டிகள் மீது எனக்கு இருப்பது பாசம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆரம்பம் கோபம்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஐந்து பேருக்கு ஒரு மேசை. பையன்கள் குமிழைத் திருப்புவார்கள், நான் ரீடிங் வாசித்து எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். ஒருமுறை குமிழில் கை வைத்தேன். "ஏம்மா, உடைஞ்சா உங்கப்பன் வந்து கட்டுவானா?" என்றார் கூடத்தின் உதவியாளர். என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்தவன் ஒருவன் அந்த மேசையில் இருந்தான். அவன்தான் முதலில் சிரித்தான். படிப்பு முடியும்வரை அடுத்தவன் திருப்ப நான் வாசித்தேன். முதல் சம்பளத்தில் முதல் பெட்டியை வாங்கினேன். இனிமேல் நானே திருப்புவேன், எவனுக்கும் வாசிக்கமாட்டேன், எனக்கும் எவனும் வாசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பெட்டிகளைச் சரிசெய்யும் திருகுகள் முதுகுப் பக்கம் இருக்கின்றன, திரையோ முகத்தில் இருக்கிறது. திருகைத் திருப்பினால் கோடு என்ன ஆகிறது என்று திருப்புகிறவருக்குத் தெரியாது. பட்டறைகளில் இதற்கு இரண்டு பேர் நிற்பார்கள். பின்னால் நிற்பவர் திருப்புவார், முன்னால் நிற்பவர் "ஏறுது, ஏறுது, போதும்" என்பார். என்னிடம் இரண்டாவது ஆள் இல்லை. அதனால் மேசை விளக்கின் கையொன்றைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு முகக்கண்ணாடியை மாட்டி, திரைக்கு எதிரே நிறுத்திவைத்தேன். பின்னால் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தால் திரை தெரியும், இடம் வலமாக மாறித் தெரியும். முதலில் தடுமாறினேன். பிறகு கை பழகிவிட்டது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

பழைய கருவி பிடித்த ஆட்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. நான் படம் வைக்காததால் அங்கே எல்லாருக்கும் நான் 'தம்பி'. "தம்பி, அந்த வால்வு ஸ்டாக் இருக்கா?" என்று கேட்பார்கள், நானும் பதில் போடுவேன். பெண் என்று தெரிந்தால், மின்சாரம் என்றால் என்ன என்பதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் குழுவில்தான் ஒரு படம் வந்தது. தள்ளுவண்டியில் நிற்கும் பெரிய ஆசிலோஸ்கோப். என் கல்லூரியில் 'தொடாதே' என்று எழுதிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருந்தார்களே, அச்சு அசல் அதே வகை. யாரோ ஒருவர் வைத்திருந்தாராம், போன வருடம் இறந்துவிட்டாராம், மனைவி விற்கிறாராம். ஒரு நிபந்தனை: போட்டுக் காட்ட வேண்டும். ஓடவைத்துக் காட்டுகிறவருக்குத்தான் தருவாராம். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். 'அந்தம்மா ஒரு மாதிரி' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

லோடு வண்டி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். என் இரும்புகளை ஏற்கெனவே ஏற்றி இறக்கிய அனுபவம் உள்ளவர்.

"இந்தத் தடவை என்ன பாப்பா?"

"டிவி."

"படம் வருமா?"

"வராது."

"அப்ப நீ வாங்கிருவ," என்று வண்டியை மரநிழலில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்த அந்தம்மாவுக்கு அறுபது இருக்கும். ஒடிசலான உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கணீரென்று வந்தது.

"ஒரு தம்பி வரும்னு சொன்னாங்களே."

"நான்தாங்க அந்தத் தம்பி."

மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி வாங்க தம்பி. மொதல்ல போட்டுக் காட்டுங்க, அப்புறம்தான் காபி. முன்னால வந்த ரெண்டு பேரும் காபியைக் குடிச்சுட்டு, 'இது செத்துப்போச்சும்மா, தூக்கிட்டுப் போறோம்'னாங்க. செத்ததை எதுக்குய்யா தூக்கிட்டுப் போறீங்கன்னு கேட்டேன். பதிலைக் காணோம்."

அறை கூடத்தை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு செங்கல் சுவர், ஒரு கதவு. உள்ளே போனதும் என் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. சொல்லவே பயமாக இருக்கிறது, அப்படியே என் வீடு. அதே இரும்பு அடுக்குகள், அதே சாம்பல் பெட்டிகள், கம்பிச் சுருள்களைத் தொங்கவிட அதே மாதிரி ஆணிகள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். இன்னொருவர் வந்தால் நிற்கத்தான் வேண்டும்.

"பூட்டியே வெச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"சாத்தித்தான் இருக்கும். உள்ள போனா 'தொடாதே, ஷாக் அடிக்கும்'பாரு. தொடாம நின்னாலும் ஷாக் அடிச்ச மாதிரியே பாப்பாரு. சாப்பாடு ஆறுதுன்னு கதவைத் தட்டினா, 'ஒரு நிமிஷம்.' அந்த ஒரு நிமிஷம் முப்பது வருஷமா முடியல." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். உள்ளே இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. "வேற ஒருத்தி இருந்தாக்கூடப் போய் முடியைப் புடிச்சு இழுத்திருக்கலாம். இதுங்களோட என்னத்தைச் சண்டை போட? உள்ள உக்காந்து அப்படி என்னதான் பாத்தாரு, எனக்கு அது தெரியணும். தெரிஞ்சப்புறம் நீங்க தூக்கிட்டுப் போங்க, ஆத்துல போடுங்க."

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். அவருக்கு அந்தப் பதில் வேண்டும். வேலையை ஆரம்பித்தேன்.

ஒரு வருடமாகப் படுத்துக் கிடந்த பெட்டிக்கு எடுத்ததும் முழு மின்சாரத்தைக் கொடுக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர்கள் வெடித்துவிடும். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கும் வேரியாக்கை வீட்டிலிருந்தே சுமந்து வந்திருந்தேன்.

"சுவிட்சைப் போட்டா எரியாதா?"

"ரொம்ப நாள் படுக்கையில இருந்தவங்களை எழுப்பி உடனே ஓடுன்னா?"

"விழுந்துருவாங்க," என்றார். "ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். அங்கதான் எனக்கு வேலை. வெளிநோயாளிங்க கூடத்துல டோக்கன் கூப்பிடறது. மைக் கெட்டுப் போனாலும் எனக்குக் கவலை இல்ல. 'டோக்கன் நூத்தி நாப்பது'ன்னா வாசல் கேட்டு வரைக்கும் போகும். தூங்கறவன் எந்திரிச்சு வருவான்."

அதன் பிறகு மனதுக்குள் அவரை டோக்கன் அம்மா என்றே வைத்துக்கொண்டேன்.

வேரியாக்கை மெல்ல மெல்ல ஏற்றினேன். காற்றாடி முனகியது. பக்கத் தகட்டைக் கழற்றியிருந்ததால் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளில் கண் திறப்பது தெரிந்தது. சூடான தூசியின் வாசனை கிளம்பியது.

டோக்கன் அம்மா நிலையை விட்டு உள்ளே வந்துவிட்டார். "இந்த வாசனை! அவரு சட்டையில வரும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. திருட்டு பீடி குடிக்கறாருன்னு சண்டை போட்டிருக்கேன். அந்த மனுஷன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

திரையில் ஒரு பச்சைக் கோடு கிடைமட்டமாக எழுந்து நின்றது.

"இதுவா?"

"இன்னும் இருக்கு." பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு சதுர அலையைத் தானே உண்டாக்கும். கோட்டை மதில் மாதிரி, ஏறி, சமமாக ஓடி, இறங்கி, மறுபடி ஏறும். பெட்டி ஒழுங்காக இருந்தால் மேல்கோடு மேசைப் பலகை போல மட்டமாக இருக்கும். கம்பியை மாட்டினேன். மதில் வந்தது, ஆனால் மேல்கோடு சாய்ந்திருந்தது. இப்படிக் காட்டினால் இனி இந்தப் பெட்டி எதைக் காட்டினாலும் பொய்தான். "ஒரு திருகு இருக்கு. அதைச் சரி பண்ணணும்," என்று பின்பக்கம் போனேன்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் மட்டும் பிளாஸ்டிக் திருப்புளியைப் பிடித்தேன். உள்ளே கொல்லும் அளவு மின்சாரம் இருக்கிறது. இரண்டு கையும் உள்ளே போனால் அது நெஞ்சு வழியாகப் பாயும்.

"அவரும் இப்படித்தான் நிப்பாரு," என்றார் டோக்கன் அம்மா. "கதவு இடுக்குல பாத்திருக்கேன். ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பெரிய கவர்னர் கணக்கா. திமிருன்னு நெனைச்சேன்."

பழக்க தோஷத்தில் எதிரே பார்த்தேன். அங்கே அது இருந்தது. சுவரில் அடித்த ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் சின்ன முகக்கண்ணாடி. நான் என் வீட்டில் செய்தது போலவே, அதே சாய்வு. என் சொந்தக் கண்டுபிடிப்பு! எட்டி அதைக் கொஞ்சம் திருப்பினேன், திரை அதில் விழுந்தது.

"எதுக்கு அதைத் திருப்பறீங்க? முகம் பாக்கவா?"

சொன்னேன். திருகு பின்னால், திரை முன்னால், நடுவில் ஆள் இல்லாவிட்டால் இதுதான் வழி என்று சாதாரணமாகச் சொன்னேன்.

அவர் கிட்டே வந்தார். கண்ணாடியின் பின்புறத்தைப் பார்த்தார். ரோஜா நிறப் பூச்சு, ஒரு மூலையில் உரிந்திருந்தது.

"இது என்னோடது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் சீப்பு, பவுடர் வெக்கிற பெட்டியோட மூடியில இருந்தது. எங்கம்மா வாங்கித் தந்தது. வீடு மாத்தறப்ப உடைஞ்சுபோச்சுன்னு சொன்னாரு. அந்த மூடி இன்னும் மொட்டையாத்தான் இருக்கு. தினம் அதைத் திறந்துதான் தலை சீவறேன், பலகையைப் பாத்துக்கிட்டு." சுவரைக் கையால் தட்டினார். "நான் இதுக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன். ஒரு குரல் குடுத்தா வந்திருப்பேனே. நம்பரைப் பாத்துச் சொல்றதுதானே என் பொழப்பே. ஊருக்கே சொன்னேனே!"

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனைச்சிருப்பாரு."

"யாருக்குத் தொந்தரவு?"

எனக்குப் பதில் தெரியும்: கேட்கிறவருக்குத்தான். எனக்கும் இறந்துபோனவருக்கும் மட்டும் தெரிந்த பதில் அது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது.

டோக்கன் அம்மா மரையைத் திருகி, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, அதில் தன் முகத்தை ஒரு முறை பார்த்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டார். சுவரில் இரும்புக் கை மொட்டையாக நின்றது.

"இப்ப எப்படிப் பாப்ப?" என்றார். நீங்க போய் நீ வந்துவிட்டது.

நான் திருப்புளியின் நுனியைத் துடைத்தேன்.

"என்ன, நீயும் கேக்கமாட்டியா?"

கேட்டால் என்ன? இரண்டு வார்த்தை. ஆனால் குறுக்கே அந்த ஐந்து பேர் மேசை வந்து நின்றுகொண்டது. வாசிப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்குத் தெரியும், அதைப் போய் இன்னொருவரைச் செய்யச் சொல்வதா? ஆனால் எதிரில் நிற்கிறவர் அந்தக் கேவலத்துக்காக முப்பது வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்திருக்கிறார். இது என்ன நியாயம் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. பெட்டி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, மறைப்பானேன்.

"மேல்கோடு எப்படி இருக்குன்னு... கொஞ்சம் சொல்லுங்க," என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "இடது பக்கம் தூக்கியிருக்கு! வலது பக்கம் சாஞ்சிருக்கு!"

திருப்பினேன்.

"இன்னும் சாயுது."

இன்னும் திருப்பினேன்.

"ஏய், இன்னும் சாயுதுங்கறேன்! சறுக்குமரம் ஆயிருச்சு! என்ன பண்ற நீ?"

"சரியாப் பாருங்கம்மா. இடது எது வலது எதுன்னு..."

"எனக்கே இடது வலது சொல்லித் தரியா? ஆயிரம் பேரை இடது பக்கம் எக்ஸ்ரே, வலது பக்கம் ஊசின்னு அனுப்பினவ நான். என் கண்ணு சரியாத்தான் இருக்கு. உன் கைதான் தப்பாப் போகுது."

கையைப் பார்த்தேன். தப்பாகத்தான் போயிருந்தது. இடது பக்கம் தூக்கியிருந்தால் எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் கண்ணாடியையே பார்த்துப் பழகிய கை, எதைச் சொன்னாலும் தானாக அதைத் தலைகீழாக்கிக்கொள்கிறது. ஒரு மனுஷி நேரில் உட்கார்ந்து நேராகச் சொன்னதைக்கூட அது கண்ணாடியில் பார்த்தது மாதிரி திருப்பி எடுத்துக்கொண்டது. கையை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி விட்டேன்.

"மறுபடி சொல்லுங்க."

"இடது பக்கம் தூக்கியிருக்கு."

எதிர்த்திசையில் திருப்பினேன், கையோடு சண்டை போட்டுக்கொண்டு.

"இறங்குது... இறங்குது... மெதுவா... நில்லு!"

அந்த 'நில்லு' கீழே தெரு வரை போயிருக்க வேண்டும். "என்னம்மா, ஏத்தலாமா?" என்று லோடு வண்டி அண்ணன் பதறிக்கொண்டு மேலே குரல் கொடுத்தார்.

"நீ தூங்குய்யா!" என்றார் டோக்கன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி.

முன்னால் வந்து பார்த்தேன். மட்டமோ மட்டம். பலகை வைத்து இழைத்த மாதிரி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இவ்வளவுதானா?"

மெழுகிப் பேச எனக்கு வராது. "இவ்வளவுதாங்க."

"முப்பது வருஷமா இந்தக் கோட்டையா பாத்தாரு?"

"சாஞ்சதை நேராக்குவாரு. கொஞ்ச நாள்ல மறுபடி சாயும். மறுபடி நேராக்குவாரு. வேற ரகசியமெல்லாம் இல்ல. வெளியில எதுவும் நம்ம கைக்கு நேராகாது. இது ஆகும். அதான்."

"நான் ஆகியிருக்கமாட்டேனா?"

நான் கம்பியின் பிடியைச் சரிபார்த்தேன். பிறகு அவரே எழுந்தார். "தள்ளு. நான் திருப்பறேன். நீ சொல்லு."

நான் அசையவில்லை. எவனுக்கும் வாசிக்கமாட்டேன் என்ற என் முடிவு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் அதற்குள் பின்பக்கம் போய், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கவர்னர் மாதிரி நின்றுவிட்டார். திருப்புளியைக் கொடுத்தேன். எந்த ஓட்டை என்று காட்டினேன். முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வேண்டுமென்றே ஒரு திருப்பு திருப்பிக் கெடுத்தார். "இப்ப சொல்லு."

"இடது பக்கம் இறங்கியிருக்கு."

"ம்."

"ஏறுது... ஏறுது... ஐயோ தாண்டிருச்சு, திரும்ப வாங்க."

"சீக்கிரம் சொன்னாத்தானே! என்ன ஆளு நீ, டோக்கன் போனப்புறம் கூப்பிடற."

"இறங்குது... மெதுவா... இன்னும் ஒரு நூல்... நில்லுங்க!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கல்லூரியில் நான் வாசித்தபோது யாரும் என் குரலுக்குக் காத்திருந்ததில்லை; எழுதினாயா, அடுத்தது போ, அவ்வளவுதான். இங்கே பெட்டிக்குப் பின்னால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் அடுத்த வார்த்தைக்காக நின்றார். எட்டிப் பார்த்தால் நரைத்த உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

அவர் மறுபடி கெடுத்தார், மறுபடி நேராக்கினார். குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. போச்சு, இனிமேல் இதைக் கொடுக்கமாட்டார். புருஷன் விட்டுப்போன பொம்மை ஆடத் தொடங்கிவிட்டது, எந்த மனைவி கொடுப்பாள்? நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசி 'நீங்களே வெச்சுக்குங்கம்மா' என்று சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

"மூஞ்சியைத் தொங்கப் போடாத," என்றார், திருப்புளியை என் கையில் திணித்து. "எடுத்துட்டுப் போ. இது இங்க இருந்தா நான் மறுபடி கதவைத் தட்டிக்கிட்டு நிப்பேன். இந்தத் தடவை உள்ள 'ஒரு நிமிஷம்'னு சொல்லக்கூட ஆள் இல்ல."

பேசிய தொகையைக் கொடுத்தேன். சொன்னபடி காபி வந்தது, நின்றுகொண்டே குடித்தேன். லோடு வண்டி அண்ணனும் நானும் பெட்டியைப் படிப்படியாக இறக்கினோம். "டிவின்னு சொன்ன, உள்ள அம்மிக்கல்லு வெச்சிருக்கியா?" என்று அவர் மூச்சிரைத்தார். டோக்கன் அம்மா கண்ணாடியை இடுக்கியபடியே கீழே வரை வந்தார்.

"வீட்டுல உனக்கு யாரு பாத்துச் சொல்லுவாங்க?"

"எங்கிட்டயும் கண்ணாடி ஒண்ணு இருக்கு."

"எதை வெச்சிருக்கன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்," என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டில் பெட்டியைப் போட்டபின் கால் நீட்ட இடமில்லை. மூலைக்கு மூலை கோணலாகத்தான் படுக்க வேண்டும். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கல்லூரி அலமாரிக்குள் பார்த்ததை என் அறையில் பார்க்கிறேன், நான் தொடலாம், எவனும் என் அப்பாவை இழுக்கமாட்டான். எத்தனை நாள் நினைத்திருந்த நேரம் அது. வெற்றி என்று கத்தலாம் போல இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அறைக்குள் வேறு சத்தமில்லை.

வேரியாக்கில் ஏற்றினேன். கோடு வந்தது. வண்டியின் குலுக்கலில் மேல்கோடு மறுபடி சாய்ந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். பின்னால் போய், இடது கையைக் கட்டிக்கொண்டு, என் கண்ணாடியைத் திருப்பினேன். திரையோடு கூட என் காதும் பாதிக் கன்னமும் அதில் விழுந்தன. திருப்பினேன். தப்பு. மாற்றித் திருப்பினேன். அதுவும் தப்பு. காலையில் நேராகப் பழகிய கையும் நேற்று வரை தலைகீழாகப் பழகிய கையும் ஒரே கைக்குள் அடித்துக்கொண்டன. கோபத்தில் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு கொஞ்சம் திருப்புவது, முன்னால் ஓடி வந்து பார்ப்பது, பின்னால் போய் இன்னும் கொஞ்சம் திருப்புவது. பைத்தியம் மாதிரி பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சாயந்திர வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நீண்டு, பெட்டிகளின் மீது ஏறியது.

ஞாயிறு சாயந்திரம் அம்மா கூப்பிடும் நேரம். கூப்பிட்டாள். "சாப்பிட்டியா?"

"ம். அம்மா, வீடியோவுல வா."

"எதுக்குடி? உடம்பு சரியில்லையா?"

"வாயேன்."

போனை ஒரு டப்பாவில் சாய்த்து, திரைக்கு நேரே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன்.

"எங்கடி இருக்க? உன்னையே காணோம். பச்சையா என்னமோ ஓடுது."

"அதைத்தான் பாக்கணும். நான் பின்னாடி இருக்கேன்."

"எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?"

"ஒளியல. மேல இருக்கற கோடு நேரா இருக்கா சாஞ்சிருக்கா, எந்தப் பக்கம் தூக்கியிருக்கு, அதை மட்டும் பாத்துச் சொல்லு."

"நானா? இதெல்லாம் எனக்கு என்னடி தெரியும்? நான் ஏதாவது சொல்லப்போய், ஆயிரம் ரூபா சாமான் வெடிச்சுத் தொலைஞ்சா?"

"வெடிக்காது. நேரா கோணலா, உனக்கா தெரியாது? நாள் பூரா விரிப்பு மடிப்பைத்தானே பாக்கற."

"இரு, மூக்குக்கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்," என்றாள். எதையோ உருட்டும் சத்தம். "ஏங்க, அதைக் குடுங்க. பொண்ணு என்னமோ பாத்துச் சொல்லணுமாம். என்னைத்தான். ஆமா, என்னைத்தான் கேக்கறா." அப்பா ஏதோ கேட்டார், அவள் அவரை அடக்கினாள். போனுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு வந்தது.

"தெரியுது. இடது பக்கம் தூக்கியிருக்குடி. வலது ஓரம் இழுத்து விடாத விரிப்பு மாதிரி கெடக்கு."

"எவ்வளவு?"

"விரல் கனம்."

திருப்புளியின் நுனி திருகில் உட்கார்ந்தது. எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை.

"என்னடி, திருப்பு," என்றாள் அம்மா. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."